சுத்தமான ஆவரசம்பூ

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தராக இங்கே முடி நரைக்கும் வரை இருந்தவள், தராசையும் குடுவையையும் எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருவாள் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழையை. என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதையும் இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. தர்சினி என்றொரு பிள்ளை, முல்லைத்தீவுப் பக்கம், இங்கே அறை எடுத்துத் தங்கி ஆவரசம்பூவில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆவரசு, ஆவாரை என்றும் சொல்வார்கள், தெரியும்தானே? மணல் தரையில் பற்றை பற்றையாக நின்று மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டும். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, அந்தப் பூவை அவித்துக் குடிப்பார்கள். அந்தப் பூவில் எதிர் ஒட்சியேற்றிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் தர்சினியின் கேள்வி. உடம்புக்குள் அடங்காமல் ஓடித் திரிந்து கலங்களைக் கெடுக்கிற துடுக்கான மூலக்கூறுகளைப் பிடித்து இருத்தும் பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை இலகு. ஊதா நிறக் கரைசலில் பூவின் சாற்றை விட்டால் ஊதா வெளிறும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு சரக்கு பூவில் இருக்கிறது.

அவளுக்கு அது கடைசித் தவணை. முதல் வருஷம் சேர்த்த பூவெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போனது. பிறகு தகப்பனுக்குச் சுகமில்லாமல் ஊரோடு நின்றுவிட்டாள். இந்த முறையும் முடிக்காவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் தினமும் வருவாள். ஏன் பிள்ளை அதைக் காவிக்கொண்டு திரிகிறாய், எரித்துப்போடு என்று நான் ஏசுவேன். சிரிப்பாள், ஆனால் எரிக்க மாட்டாள்.

பூ தந்தவர் இராசமணியக்கா. கொடிகாமத்தில் ஓர் ஒழுங்கைக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய காணியிலேயே ஆவரசம் பற்றைகள். பிள்ளைகள் இல்லை. அவரும் புருஷனும்தான். புருஷனுக்குக் கனகாலமாய்ச் சீனி வருத்தம். கிழமைக்கு ஒருநாள் அக்கா மினிபஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, பூவை என் கையில் தந்துவிட்டு, புருஷனுக்கு ஏதும் வாங்கவிருந்தால் வாங்கிக்கொண்டு திரும்புவார். வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. பூவுக்குள் என்ன கண்டீர்கள், நல்லதா, கூடாததா? அவர் தன் மனிதருக்குக் காலையும் மாலையும் அந்தப் பூவைத்தான் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் செய்வது சரியா என்று படித்த ஆரிடமாவது கேட்டு அறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்னும் முடியவில்லை அக்கா, முடியச் சொல்கிறோம் என்று நானும் ஒவ்வொரு கிழமையும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

முதல் நாளே நான் அவருக்கு வகுப்பு எடுத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். வெயில் ஏற முதல் பற்றையிலிருந்து பூ ஆய வேண்டும், நிலத்தில் விழுந்ததைப் பொறுக்கக் கூடாது, சொப்பிங் பையில் போட்டால் அவிந்துவிடும் என்று சொல்லி வெள்ளைத் துணிப்பைகள் தைத்துக் கொடுத்தேன். கடைசியாக, "எல்லாத்துக்கும் மேலை, அக்கா, பூ சுத்தமாய் இருக்கவேணும்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே, தங்கச்சி?" என்றார். அதில் எனக்குச் சந்தோஷம். ஒரு தரம் சொல்ல விளங்கிக்கொள்ளும் ஆட்கள் எங்கள் தொழிலில் அருமை.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. சோதனையில் வந்த இலக்கம் சாதாரணம். கூடாதது என்று சொல்ல முடியாது, ஊரைக் கூட்டிச் சொல்லுமளவுக்கும் இல்லை. பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல மழை. அடுத்த கிழமை அக்கா வரவில்லை, பை மட்டும் மினிபஸ் கொண்டக்டரிடம் வந்தது. அதற்கு அடுத்த கிழமையும் அப்படியே. அக்காவுக்குப் பஞ்சி, வரச் சோம்பல் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பூ வந்தது, எனக்கு அது போதும். அவருடைய தொலைபேசி இலக்கம் என் கைப்பேசியில் இருந்தது. எடுத்து ஏன் அக்கா வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பைகளில் வந்த பூவைச் சோதித்தபோதுதான் கூத்து. ஊதா கண் முன்னாலேயே கரைந்து போனது. தர்சினி குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் குடுவையைப் பார்த்தாள். அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த சேர் ஓடி வந்தார். ஏன் இப்படி என்று ஒருவரும் பெரிதாக மண்டையை உடைக்கவில்லை. மழைக்குப் பிறகு பூத்த பூ, வீரியம் கூட என்று நாங்களே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டோம். வேண்டிய விடை வந்துவிட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க மனிதருக்கு அரைமணித்தியாலம் போதும்.

என்னைப் பழக்கியவர் ஒரு சங்கதி சொல்லுவார். கூடாத இலக்கம் வந்தால் ஒரு தரம் திருப்பிச் செய், நல்ல இலக்கம் வந்தால் மூன்று தரம் திருப்பிச் செய் என்று. நான் மூன்று தரமும் செய்தேன், பிள்ளைகளே. மூன்று தரமும் அதே இலக்கம். ஏன் வராது? மூன்று தரமும் அதே பையிலிருந்துதானே எடுத்தேன். அந்த மனிதரில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு, ஆனால் அவருடைய சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றதால் அந்த முறை நான் இன்னும் திடமாகப் பிழைவிட்டேன்.

சேர் தர்சினியிடம் வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுச் சுருக்கத்தை எழுதி முடி, மாநாட்டுக்கு அனுப்புவோம் என்றார். அவள் அன்று மத்தியானம் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பா, சரிவந்திட்டுது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் கடிதம் கைப்பையிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே போனது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பூவைத் தட்டில் பரப்பிவிட்டுக் கையைக் கோட்டில் துடைப்பேன். நீங்கள் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கோட்டைத் தோய்க்கப் போட்டேன். இரண்டு பக்கமும் மஞ்சள் கறை, பூவின் கறைதான் என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். கறை சிவப்பாகியது. நான் அப்படியே தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டேன். சவர்க்காரம் பட்டுச் சிவக்கிற மஞ்சள் எது என்று குசினிக்குள் ஒரு நாளாவது நின்ற எவருக்கும் தெரியும். கோட்டோடு நான் சாப்பிடுவதில்லை. கறிக்கை பட்ட கறை அல்ல அது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முதல் போய், முதல் மாதம் வந்த பழைய துணிப்பை ஒன்றிலும் மழைக்குப் பிறகு வந்த புதுத் துணிப்பை ஒன்றிலும் சவர்க்காரத்தை உரஞ்சிப் பார்த்தேன். பழையது பேசாமல் கிடந்தது. புதியது சிவந்தது. ஊதாவைத் தின்றது ஆவரசம்பூ அல்ல, மஞ்சள். மஞ்சள் அந்த வேலையில் விண்ணன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் பூவில் மஞ்சள் தூள் இருந்தால் ஆருக்குக் கண்ணில் படும்?

தர்சினியிடம் சொன்னேன். பாவம், அவள் அழவில்லை, துணிப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அந்த அம்மா எங்களை ஏமாற்றிவிட்டார், வாடின பூவைப் புதிசாகக் காட்ட மஞ்சள் பூசியிருக்கிறார் என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். இரத்தம் கொதித்தது. ஒரு பிள்ளையின் சீவியத்தோடு விளையாடிவிட்டாரே என்று. வா, நேரே போய்க் கேட்போம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு கொடிகாமம் பஸ் ஏறினேன். சாவகச்சேரி தாண்டும் வரை நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போன வசனங்களை இங்கே சொன்னால் எனக்கு மரியாதை இல்லை.

ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடிகள் கட்டிக் கிடந்தன. வெயில் பட்டு வெளிறியவை. ஆர் வீட்டுச் செத்தவீடோ என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். கொடிகள் இராசமணியக்காவின் வீட்டுப் படலையில் போய் முடிந்தன.

உள்ளே புருஷனின் படம். அதன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் செம்பில் தண்ணீர். அக்கா சுவரோடு சாய்ந்து பாயில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். என்னுடைய வாய்க்குள் இருந்த அத்தனை வசனமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

இன்றைக்குப் பதினெட்டு நாள் என்றார். எண்ணிப் பார்த்தேன். பை தனியாக வந்த முதல் கிழமை. நான் பஞ்சி என்று நினைத்த கிழமை.

எங்களுடைய முகத்தில் ஏதோ கிடந்திருக்க வேண்டும். பூவில் ஏதும் பிழையா என்று அவராகவே கேட்டார். தர்சினிதான் மெதுவாக, பூவில் மஞ்சள் பட்டிருக்கிறது போல என்று சொன்னாள்.

"ஓம் பிள்ளை, நான்தான் தெளிச்சனான்" என்றார் அக்கா. ஒளிப்பு மறைப்பு ஒன்றுமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள்தானே தங்கச்சி சுத்தமாய் வேணும் எண்டனியள். துடக்கு வீட்டுப் பூவெல்லே. நான் ஆய்ஞ்சதை உப்பிடியே தரலாமே? அதுதான் மஞ்சள் தண்ணி தெளிச்சுத் தந்தனான்."

நான் குருநகர்க்காரி. எங்கள் வீட்டில் ஒரு சாவென்றால் மெழுகுதிரியும் செபமாலையும். மஞ்சள் எங்களுக்கு மீன்குழம்புக்குத்தான். செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு என்பார்கள், முப்பத்தொரு நாள், அந்தியேட்டிக் கிரியையோடுதான் கழியும் என்பது காதில் விழுந்திருக்கிறதே தவிர, அது என் தட்டில் பரப்பிய பூ வரைக்கும் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சைவப் பிள்ளையான தர்சினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சுத்தம் என்று சொன்னது தூசியையும் எறும்பையும். அக்கா சுத்தம் என்று கேட்டது வேறொன்றை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார் அந்த மனுஷி. அதுவும் தாலி கழற்றின கையால், விடியப்புறம் எழும்பி.

பக்கத்து வீட்டாரை ஆயச் சொல்லியிருக்கலாமே அக்கா, விட்டிருக்கலாமே என்றேன். சனத்துக்கு எந்தப் பூவை எடுக்கிறது, எதை விடுகிறது என்று விளங்காது என்றார். படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ எண்டு சொல்லுவினம். பத்தை நிறையப் பூத்துக் கிடக்கு. மனிசன் போயிட்டார்."

தர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கம் அந்தப் பழமொழியோடுதான் தொடங்கியிருந்தது. ஆவரசில் ஆய்வு செய்கிற எல்லோரும் அதைத்தான் முதல் பக்கத்தில் போடுவார்கள்.

பிறகு அக்கா கேட்டார். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் வந்தது. "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. நான் உந்தப் பூவை நம்பித்தானே அவிச்சு அவிச்சுக் குடுத்தனான். அது அவரை வைச்சிருந்ததோ, கொண்டு போனதோ?"

என்னுடைய கைப்பைக்குள் அச்சடித்த தாளில் அந்தப் பெரிய இலக்கம் இருந்தது. எடுத்துக் காட்டி, பாருங்கோ அக்கா, உங்களுடைய பூ எவ்வளவு திறம் என்று சொன்னால் அந்த மனுஷியின் நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிஷமே இறங்கியிருக்கும். சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது பொய் இலக்கம் என்று அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். துக்கத்தில் இருக்கிறவருக்குப் பொய் சொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்களிடம் கிழமைக்குக் கிழமை ஒரு மறுமொழி கேட்டுக்கொண்டு வந்தவர் அவர். அவருக்குக் கடைசியில் கொடுக்கிறது பொய்யாக இருக்கக் கூடாது.

"எங்களுக்குத் தெரியாது அக்கா" என்றேன். "நாங்கள் போத்தலுக்கை நிறம் போகுதோ எண்டுதான் பாக்கிறனாங்கள். மனிசருக்குள்ளை அது என்ன செய்யுதெண்டு எங்களாலை சொல்லேலாது."

அவருடைய முகம் விழுந்தது. நான் விடாமல் கேட்டேன், பூவைக் குடித்ததால் அவர் கிளினிக்கில் தந்த மருந்துக் குளிசையை விட்டாரா? இல்லை என்றார், கிளினிக் ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை, குளிசையைத் தானே எண்ணிக் கையில் கொடுத்ததாகவும் பூ அவிக்கிறதைக் கிளினிக் டொக்டரிடம் சொல்லியே கொடுத்ததாகவும் சொன்னார்.

"அப்ப நீங்கள் ஒண்டையும் ஒளிச்சுச் செய்யேல்லை அக்கா. உங்களாலை ஏலுமானதெல்லாம் செய்திருக்கிறியள். அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் என் கையை விடவில்லை. துடக்குக் கழிய நல்ல பூவாய்க் கொண்டு வருகிறேன், அதைப் பார்த்துச் சொல்லுங்கோ என்றார். செத்தவீட்டில் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லக் கூடாது. அது எங்களுக்கும் தெரியும். பேசாமல் எழும்பி வந்தோம்.

மறுநாள் சேரிடம் போய் நின்றோம். அவர் நல்ல மனிதர், இடிந்து போனார். ஆய்வுச் சுருக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதிவேட்டில் மாதிரியில் கலப்படம் என்று எழுதுங்கோ என்றார். நான் மாட்டேன் என்றேன். கலப்படம் என்ற சொல்லுக்குள் ஒரு களவு இருக்கிறது, சேர். அங்கே களவு இல்லை. இரண்டு பேரும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கதைத்தோம். கடைசியில் நான் என் கையெழுத்தில், பூ ஆய்பவருக்குச் சொன்ன அறிவுறுத்தல் விளக்கமில்லை, பிழை என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தப் பதிவேடு இன்னும் இங்கேதான் இருக்கும். தேடிப் பார்த்தால் காண்பீர்கள்.

தர்சினிக்குப் பட்டம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. முதல் மாதத்துப் பைகளும் அந்தியேட்டிக்குப் பின் வந்த பைகளும் அவளைக் காப்பாற்றின. சாதாரண இலக்கம்தான், ஆனால் உண்மையான இலக்கம். பரீட்சகர்கள் அதைக் குறை சொல்லவில்லை. இரவும் பகலும் என்று அந்தப் பிள்ளை வேலை செய்தாள், நானும் கூட நின்றேன், தவணை முடிய நாலு நாள் இருக்கக் கொடுத்து முடித்தோம். தகப்பன் முல்லைத்தீவிலிருந்து பனங்கட்டி கொண்டுவந்து எல்லோருக்கும் தந்தார்.

ஆனால் என் மனதில் நிற்கிற நாள் அதற்கு முந்தியது. அந்தியேட்டி முடிந்து, இராசமணியக்கா தானே மினிபஸ் ஏறிப் பூவோடு வந்த நாள். வாசலில் வாங்கி அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். இந்த இரண்டாவது மேசைக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லையென்றாலும், நாங்கள் என்ன செய்கிறோம் என்றாவது காட்ட வேண்டும் என்று தர்சினி இரண்டு சோதனைக்குழாய்களில் ஊதாக் கரைசலை எடுத்தாள். ஒன்றில் மஞ்சள் தெளித்த பூவின் சாறு, மற்றதில் புதுப் பூவின் சாறு. ஒன்று சடக்கென்று வெளிறியது. மற்றது ஆறுதலாக, மெதுமெதுவாக வெளிறியது.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெதியாய் வெளிறினது எது என்று கேட்டார். நீங்கள் மஞ்சள் தெளித்துத் தந்த பூ அக்கா, அது பூவின் வேலை அல்ல, மஞ்சளின் வேலை, அதனால்தான் அதைக் கழித்துவிட்டோம் என்று தர்சினி விளக்கினாள். அக்கா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தார்.

"அவருக்கு அவிக்கேக்கையும் ஒரு கிள்ளு மஞ்சள் போட்டுத்தான் குடுத்தனான்" என்றார்.

ஒரு மாதம் கிழமைக்குக் கிழமை எங்களிடம் வந்தவர் அவர். நான் ஆய்கிற நேரம் சொன்னேன், பை தைத்துக் கொடுத்தேன், சுத்தத்தைப் பற்றி வகுப்பு எடுத்தேன். நீங்கள் அவருக்கு எப்படி அவித்துக் கொடுக்கிறீர்கள் அக்கா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த மனிதர் காலையும் மாலையும் குடித்தது நாங்கள் பிழை என்று கழித்த குழாயில் இருந்ததற்குத்தான் கிட்ட. அது அவருக்கு நன்மை செய்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தர்சினி குழாய்களைத் தட்டில் வைத்தாள். கதிரையை இழுத்து அக்காவுக்கு நேரே இருந்து, கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தாள்.

"எவ்வளவு மஞ்சள் போடுவியள் அம்மா?" என்று கேட்டாள்.

அக்கா பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினார். பிறகு விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினார். "இவ்வளவுதான். கூடப்போனால் அவருக்கு மணம் பிடியாது" என்றார். பதினெட்டாம் நாள் வீட்டில் அழாத மனுஷி அப்போதுதான் அழத் தொடங்கினார். தர்சினி ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதை எழுதினாள்.